விளக்கு வைக்கும் நேரம்

(சிதம்பரத்தில் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்குமுன் ஒரு சிறு வேண்டுகோள். செல்பேசியை அணைத்து வையுங்கள் என்று சொல்லப் போவதில்லை. இது ஐப்பசி அடைமழைக் காலம். நாளைக்கு விடுமுறையா இல்லையா என்ற அறிவிப்புக்காக இந்த அறையில் எல்லோரும் காத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நானும் உங்களில் ஒருவன்தான். ஆகவே அணைக்க வேண்டாம்; திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள், போதும். அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். அதற்குள் அறிவிப்பு எங்கும் ஓடிப்போகாது.

'மாணவர்களிடம் செல்பேசிப் பழக்கத்தைக் குறைப்பது எப்படி' என்று பேசும்படி கேட்டிருந்தார்கள். நான் அதை மாணவர்களிடமிருந்து தொடங்கப் போவதில்லை. என்னிடமிருந்து தொடங்குகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. நான் ஆறாம் வகுப்பின் வகுப்பாசிரியர். காலை வழிபாடு முடிந்து வகுப்புக்கு வந்ததும் செயலியில் வருகைப்பதிவு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போது ஒரு மாணவன் மேசைப் பக்கம் வந்து நின்றான்.

"சார்..."

"ம்."

"சார், நாங்க நாளைக்கு ஊருக்குப் போறோம்."

"சரிப்பா. லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போ."

அவ்வளவுதான் உரையாடல். நான் தலையை நிமிர்த்தவில்லை. அவன் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். மதியம்தான் மேசை ஓரத்தில் ஒரு கதைப்புத்தகம் இருப்பதைக் கவனித்தேன். நூலகப் பாடவேளையில் அவன் எடுத்துச் சென்ற புத்தகம். நான் கேட்காமலேயே திருப்பி வைத்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. "செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க சார், ஆனியிலதான் வருவாங்க" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அவன் 'ஊருக்கு' என்று சொன்னது அதைத்தான். அவனோடு எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவன் அக்காவும் போய்விட்டாள்.

அன்று நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்திருந்தால், கையில் இருந்த புத்தகத்தையும் பார்த்திருப்பேன். "எந்த ஊருப்பா?" என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் செய்வதற்கு வழிகள் இருந்தன. பாட்டி வீட்டில் விடச் சொல்லிப் பேசியிருக்கலாம். அரசு விடுதிக்கு முயன்றிருக்கலாம். ஒன்றும் முடியாவிட்டால், சூளைக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கலாம். இடம்பெயர்ந்து போகும் பிள்ளைகளுக்காக நாம் செய்யக்கூடியவை இவை என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தவன் அன்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் மாதம் பையன் திரும்பி வந்தான். தட்டுத்தடுமாறிப் பழையபடி வாசிக்கக் கற்றுக்கொண்டு இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அக்கா திரும்பவே இல்லை. வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்டுப் பார்த்தும் பயனில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைய வருகைப்பதிவு உரிய நேரத்தில் பதிவேறிவிட்டது. அதில் அந்தப் பையன் 'வருகை'. உண்மையில் அன்று வகுப்புக்கு வராதவன் நான்தான்.

இதைச் செயலியின் மேல் போடும் குற்றமாகச் சொல்லவில்லை. பதிவேடு தேவை. அந்தப் பதிவை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியவை சேருகின்றன. ஆனால் எதை முதலில் செய்வது, எதை இரண்டாவதாகச் செய்வது என்பது என் கையில் இருந்தது. அந்த வரிசையை மாற்றியதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் நம் பிள்ளைகளின் நிலையைப் பார்ப்போம். 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் ஸ்மார்ட்போனைப் பற்றிக் கேட்டது. பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதைப் பயன்படுத்தத் தெரியும் என்றார்கள். அவர்களில் முந்தைய வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு; சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை இன்னொன்றைச் சொல்கிறது. ஒருமுறை கவனம் சிதறினால், படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு மாணவரின் மனம் முழுமையாகத் திரும்ப 20 நிமிடங்கள் வரை ஆகலாம். நமக்கு ஒரு பாடவேளை எத்தனை நிமிடம்? ஒரே ஒரு சிணுங்கல் ஒலி அதில் பாதியைத் தின்றுவிடும். அந்த ஒலி பெரும்பாலும் மாணவரின் பையிலிருந்து வருவதில்லை. பள்ளியில் செல்பேசி வைத்திருப்பவர்கள் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

செல்பேசியின் இழுவிசை நம்முடைய மனவுறுதிக் குறைவால் மட்டும் வருவதில்லை. அது அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பழைய இணையப் பக்கங்களில் கீழே வந்தால் பக்கம் முடிந்துவிடும். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை 2006இல் உருவாக்கியவர் ஏசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர். பின்னாளில் அவரே அதற்காகப் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கு 'வணக்கம்' உண்டு. இதற்கு முடிவு கிடையாது. ஆகவே முடிவை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

எப்படிக் கொண்டுவருவது? மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மொஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது, பிள்ளைகள் எழுதப் படிக்க மனமில்லாமல் செல்பேசியிலேயே மூழ்கிக் கிடப்பதை அங்கே முதலில் கவனித்தவர்கள் ஆசிரியர்கள். ஊர் கூடிப் பேசியது. 2022 ஆகஸ்ட் 15 முதல் தினமும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு சங்கு ஒலிக்கிறது. வீடுகளில் தொலைக்காட்சியும் செல்பேசியும் அணைகின்றன. 8.30க்கு மறுபடி சங்கு. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். தொடக்கத்தில் ஊராட்சிப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் நான் கவனித்தவை மூன்று. ஒன்று, பிள்ளைகளை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை, பெரியவர்களும் நிறுத்துகிறார்கள். இரண்டு, "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. ஒரு நேரத்தையும் ஓர் ஒலியையும் குறித்துக் கொடுத்தார்கள். மூன்று, தொடக்கத்துக்கு ஒரு சங்கு இருப்பதுபோல் முடிவுக்கும் ஒரு சங்கு வைத்தார்கள். இரண்டாவது சங்குக்குப் பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை. முடிவு தெரிந்தால் பொறுத்துக்கொள்வது எளிது. பாடவேளை மணியை நம்பி வாழும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இது வேறொரு மாநிலத்துக் கதை, நமக்கு ஒத்துவருமா என்று தோன்றலாம். நம் மாவட்டத்தைப் பாருங்கள். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகிறோம். 150 ஆண்டுகளைக் கடந்து ஓர் அடுப்பு எரிவது எப்படி? அது பெரிய அடுப்பு என்பதால் அல்ல. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் மறக்காமல் விறகு வைக்கிறார். அந்தச் சிறு செயலைத்தான் நான் சடங்கு என்கிறேன். சமயச் சடங்கை மனதில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒரே நேரத்தில், ஒரே விதமாக, பலர் சேர்ந்து அல்லது ஒருவர் தவறாமல் செய்யும் சிறு செயல்; அவ்வளவுதான்.

இதே சிதம்பரத்தில் நடராசர் கோயிலில் ஒரு நாளைக்கு ஆறு கால பூசை. கடைசியில் அர்த்தசாமம், பிறகு நடை சாத்துகிறார்கள். கோயிலின் நாளுக்கும் ஒரு முடிவு உண்டு. பரங்கிப்பேட்டைப் பள்ளிவாசல்களில் ஐந்து வேளைத் தொழுகை அழைப்பு. கடலூரில் தேவாலய மணி. இவை எல்லாம் நாளைத் துண்டு துண்டாகப் பிரித்து, "இதுவரை அது, இனி இது" என்று சொல்பவை. நம் வட்டாரத்துக்குத் திரை என்ற சொல்கூடப் புதிதல்ல. வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகள். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலகி ஒளி தெரிவதைக் காணத்தான் மக்கள் திரள்கிறார்கள். விலக்குவதற்காகவே போட்ட திரைகள் அவை. நாம் இப்போது வைத்திருக்கும் திரையை விலக்கத்தான் நேரம் குறிக்கவில்லை.

இனி, நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். பள்ளியில் இரண்டு, வீட்டுக்கு ஒன்று.

முதலாவது, முகம் பார்க்கும் வருகைப்பதிவு. காலையில் செல்பேசி மேசை இழுப்பறையில் இருக்கும். வருகைப்பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். பிள்ளை எழுந்ததும் முகத்தைப் பார்ப்பேன். "உள்ளேன் ஐயா"வுக்குப் பதிலாக ஒரு சொல்லோ ஒரு வாக்கியமோ சொல்லலாம். "பசிக்குது சார்", "தம்பிக்குக் காய்ச்சல்", "அப்பா கடலுக்குப் போயிருக்கார்", "ஒண்ணும் இல்ல சார்." எதுவானாலும் சரி. வகுப்பு முழுவதும் முடிய ஏழு எட்டு நிமிடம் ஆகும். பிறகு இழுப்பறையைத் திறந்து செயலியில் பதிவிடுவேன். உரிய நேரம் ஒருநாளும் தவறியதில்லை.

தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. "பிரியாணி" என்று ஒருவன் சொல்ல, ஒரு வாரம் முழுக்கப் பத்துப் பேர் பிரியாணி. விட்டுவிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு பெண் எழுந்து, "இன்னிக்கு எதுவும் சொல்ல வேணாம்னு இருக்கு சார்" என்றாள். இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். அவள் சொன்னதை இங்கே சொல்வது முறையல்ல. அன்று அதைக் கேட்க நான் இருந்தேன் என்பதுதான் செய்தி.

இரண்டாவது, 'இன்று நான் கண்டது'. மாலை கடைசி மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், நேற்று மாலைக்கும் இன்று மாலைக்கும் இடையில் தன் கண்ணால் கண்ட ஒன்றை மூன்று பேர் சொல்ல வேண்டும். திரையில் பார்த்தது கணக்கில் வராது. முதலில் பிள்ளைகள் திணறினார்கள். "நாய் பார்த்தேன்." "பஸ் பார்த்தேன்." நான் கேள்விதான் கேட்டேன்: என்ன நிறம்? எந்தப் பக்கம் போனது? மறுநாள் பதிலோடு வந்தார்கள். தாத்தா வலையைப் பழுது பார்க்கும்போது காலின் பெருவிரலில் நூலை மாட்டிக்கொள்வதை ஒருவன் பார்த்து வந்தான். முந்திரி பூக்கும்போது வரும் வாசத்தைச் சொல்ல ஒரு பெண்ணுக்குச் சொல் கிடைக்கவில்லை. வகுப்பே சேர்ந்து தேடியது. இன்னொருவன், "வெள்ளாத்துல தண்ணி திரும்பி மேக்கால ஓடுது சார்" என்றான். யாரும் நம்பவில்லை. நான் அன்று ஓதத்தைப் பாடமாக எடுத்தேன். பாடநூலில் பிறகு வரும் பாடம்தான். பிள்ளையே கொண்டுவந்த பாடத்தை எதற்காகத் தள்ளிப்போட வேண்டும்?

அந்த ஐந்து நிமிடத்தில் நானும் ஒன்று சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் விதி. முதல் நாள் எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. பேருந்தில் வந்த முக்கால் மணி நேரமும் செல்பேசியைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஜன்னல் ஓரத்து இருக்கை கிடைத்தால் வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது, விளக்கு வைக்கும் நேரம். நம் வீடுகளில் அந்திக்கு ஒரு மரியாதை உண்டு. விளக்கு வைத்த நேரத்தில் படுக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, அழக் கூடாது என்று பாட்டிமார் சொல்வார்கள். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: "விளக்கு வைத்ததிலிருந்து அரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது." விளக்கு ஏற்றும் வழக்கம் இல்லாத வீட்டில் மாலைத் தொழுகைக்கோ செபத்துக்கோ பிறகு அரை மணி நேரம். எதுவும் இல்லாவிட்டால் இரவுச் சோற்றுத் தட்டு கையில் இருக்கும் நேரம்.

நான் எதிர்பார்த்த எதிர்ப்பு வரவில்லை. வேறு வந்தது. ஒரு தாய் எழுந்து கேட்டார்: "சார், எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்கார். நம்ம நேரம் ஏழு மணிக்குத்தான் அவருக்கு வேலை முடியும். அப்பதான் வீடியோவுல வருவார். புள்ள அப்பா மொகத்தப் பாக்குறதே அந்தப் பத்து நிமிஷம்தான். அதையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு சொன்னேன்: "இல்லம்மா. அது போன் இல்ல, அப்பா. அவர் வரும்போது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்க. அவர் வைத்த பிறகு போனையும் வைத்துவிடுங்க." அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: திரையின் முன் இருந்த நிமிடங்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. அந்த நேரத்தில் யாரோடு இருந்தோம் என்பதைத்தான் கேட்க வேண்டும். நாமும் கடலோர மாவட்டத்துக்காரர்கள். தானே புயலையும் வெள்ளங்களையும் பார்த்தவர்கள். மீனவர் குடும்பத்துக்கு வானிலை எச்சரிக்கை செல்பேசியில்தான் வருகிறது. அதைப் பகையாக்கிப் பேசினால் பெற்றோர் நம்மை நம்ப மாட்டார்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் இன்னொன்றையும் சொன்னேன். சோறு ஊட்டும்போது கையில் செல்பேசியைக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது. நிலா காட்டி ஊட்டிய ஊர்தானே நம்முடையது.

எல்லா வீட்டிலும் நடந்ததா? இல்லை. பல வீடுகளில் இரண்டாவது வாரமே நின்றுபோனது. சில வீடுகளில் பிள்ளைகளே மறுபடி தொடங்கி வைத்தார்கள். என் வீட்டிலும் இடையிடையே நின்றது. என் மகள்தான் நினைவூட்டினாள். இங்கே உங்களுக்கு ஓர் ஆறுதல் சொல்கிறேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலை உணவுக்குப் பின் தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறு செயலைத் தினமும் ஒரே சூழலில் செய்தால், அது தானாக நடக்கும் பழக்கமாக எத்தனை நாளாகும்? சராசரி 66 நாட்கள் என்று கண்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறிப்போனது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை. ஒரு மண்டலம் என்று நம் முன்னோர் கணக்கு வைத்தார்கள்; நாம் ஒரு பருவம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் விறகு வையுங்கள்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் மாலையும் ஒரு மாலைதான். அவசரச் செய்தியைத் தவிர மற்றவற்றை இரவு ஏழு மணிக்குப் பிறகு குழுவில் போடாமல், மறுநாள் காலைக்கு எடுத்து வைக்கலாம். மழை விடுமுறை அறிவிப்புக்கு மட்டும் விலக்கு. அதை நள்ளிரவிலும் அனுப்பலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

முடிக்கிறேன். பிள்ளைகளிடம் "போனைப் பார்க்காதே" என்று எத்தனை முறை சொன்னாலும் அது காதில் ஏறாது. அவர்கள் நம் வாயைவிட நம் கண்களைத்தான் பார்க்கிறார்கள். கூப்பிட்டால் இவர் நிமிர்ந்து பார்ப்பாரா என்று பார்க்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் என் மேசைப் பக்கத்தில் நின்று அதைத்தான் பார்த்தான். அவன் அக்காவின் பெயர் இன்னும் எங்கள் பள்ளியின் பழைய வருகைப்பதிவேட்டில் இருக்கிறது. தை மாதத்தோடு கட்டங்கள் காலியாகின்றன. புதிய பதிவேட்டை எடுக்கும் ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

நாளைக்குப் பள்ளி இருந்தால், முதல் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பாருங்கள். அந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும்.

இப்போது செல்பேசியைத் திருப்பிப் பார்க்கலாம். விடுமுறை என்று வந்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.